மெருகேற்றிய அம்மோனைட் சேகரிப்பவர்கள் இருக்கிறீர்களா? சில சந்தேகங்கள்

சுருள்வழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை கனிமங்கள்தான் சேர்த்து வந்தேன். குவார்ட்ஸ், ஃப்ளூரைட், அகேட் என்று அலமாரி ஓரளவு நிரம்பிவிட்டது. இப்போது மனசு புதைபடிவங்கள் பக்கம் போயிருக்கிறது, அதிலும் மெருகேற்றிய அம்மோனைட் மேல் (பழங்காலக் கடலில் வாழ்ந்து அழிந்துபோன, சுருள் ஓடு கொண்ட உயிரி). நடுவில் இரண்டாக அறுத்து, இரண்டு முகத்தையும் கண்ணாடிபோல பாலிஷ் போட்ட மடகாஸ்கர் ஜோடி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கிளியோனிசெராஸ் என்று அம்மோனைட்டின் பேரினப் பெயர் மட்டும் சீட்டில் எழுதியிருக்கிறது. உள்ளே தேன் நிறத்தில் ஒன்று, பழுப்பில் ஒன்று, பாதி வெறுமையாக ஒன்று என்று அறை அறையாகப் போகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் கேள்விகள் நிறைய. பாலிஷ் போட்டதிலேயே பல வகை விற்பனையில் இருக்கின்றன. எதை எதற்காக வாங்குவது? அசல் என்று எப்படி உறுதி செய்துகொள்வது? இன்னொன்று, புதைபடிவம் சேர்க்கும் நண்பர் ஒருவர், “பாலிஷ் போட்ட பிறகு அது வெறும் அலங்காரப் பொருள், அதைச் சேகரிப்பு என்று சொல்லாதே” என்று அடித்துச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

---

கல்மேடு எழுதியது:

வாங்க சுருள்வழி. உங்கள் நண்பர் சொல்வதை அப்புறம் பார்ப்போம், முதலில் வகைகள்.

பாலிஷ் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே தவிர, அதில் மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, உங்களிடம் இருப்பதுபோல நடுவில் அறுத்த ஜோடி. இது உள்கட்டமைப்பைக் காட்டும். இரண்டாவது, முழு அம்மோனைட்டின் வெளி ஓட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, அடியில் இருக்கும் தையல் கோடுகளை, அதாவது உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொடும் கோடுகளை, வெளியே கொண்டுவருவது. ஃபெர்ன் இலையை வரிசையாக ஒட்டிவைத்ததுபோல ஒரு வடிவம் தெரியுமே, அது. மூன்றாவது, ஓட்டை எடுக்காமல் அதன் மேல் அழுக்குப் படலத்தை மட்டும் மெல்ல நீக்கி, முத்துப்படலத்தின் நிறங்களைக் காட்டுவது. சிவப்பும் பச்சையுமாக மின்னும் மடகாஸ்கர் உருப்படிகள் இந்த ரகம்.

இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து, ஒரே இனத்திலிருந்து வரக்கூடும். மடகாஸ்கரின் வடமேற்கில் மகாஜங்கா பகுதியிலிருந்து வரும் கிளியோனிசெராஸ், கிரிட்டேசியஸ் காலத்தின் ஆல்பியன் கட்டத்தைச் சேர்ந்தது, ஏறத்தாழ 11 கோடி ஆண்டுப் பழமை. அதையே அறுத்தும் விற்கிறார்கள், ஓடு நீக்கியும் விற்கிறார்கள், நிறம் காட்டியும் விற்கிறார்கள். அதனால் “எது நல்லது” என்பதைவிட “இந்தக் கல்லில் மெருகு எதைத் திறந்து காட்டியிருக்கிறது” என்று கேட்டு வாங்குங்கள். அறுத்த ஜோடியில் அறைகள் தெளிவில்லை என்றால் அது எவ்வளவு பளபளத்தாலும் எனக்கு வேண்டாம். ஓடு நீக்கியதில் தையல் கோடு பாதி தேய்ந்து போயிருந்தாலும் அப்படித்தான்.

---

நுண்ணோக்கி எழுதியது:

கல்மேடு அண்ணா சொன்னதோடு சேர்த்து அறுத்த முகத்தை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். எனக்கு இதில்தான் ஆசை அதிகம்.

சுருள்வழி, உங்கள் ஜோடியில் ஒரு பாதியை எடுத்து வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி வாருங்கள். கடைசிச் சுற்றில் தடுப்புகளே இல்லாத நீளமான பகுதி ஒன்று இருந்தால் அதுதான் உயிரி வசித்த அறை. பல உருப்படிகளில் அது உடைந்து போயிருக்கும், அல்லது சேறு நிரம்பி ஒரே பழுப்பாக இருக்கும். வாய் திறந்திருந்ததால் கடலடிச் சேறு நேராக உள்ளே போய்விட்டது. அதற்குப் பின்னால் வரும் சிறு அறைகள் மூடியவை. விலங்கு வளர வளர முன்னால் நகர்ந்து, பின்னால் ஒரு சுவர் எழுப்பிக்கொண்டே போனது. அந்த அறைகளில் வாயுவும் நீரும் இருந்ததால்தான் கனமான ஓட்டோடு அதனால் மிதக்க முடிந்தது. இறந்து புதைந்த பிறகு, தாதுக்கள் கரைந்த நீர் மெல்லக் கசிந்து வந்து அங்கே கால்சைட் படிகங்களாக வளர்ந்தது. எல்லா அறைக்கும் ஒரே மாதிரி நீர் போகவில்லை. அதனால்தான் ஒன்று தேன் நிறம், ஒன்று வெள்ளை, ஒன்று நடுவில் பொந்து.

இப்போது ஒரு லென்ஸ் எடுத்து வெளி விளிம்பை ஒட்டிப் பாருங்கள். பத்து மடங்கு போதும். ஒவ்வொரு தடுப்புச் சுவரும் வெளி ஓட்டைத் தொடும் இடத்தில் கருப்பாகவோ கரும்பழுப்பாகவோ மெல்லிய குழாய் ஒன்றின் வெட்டு தெரியலாம். அதுதான் சிஃபங்கிள். அறைகளில் இருந்த நீரை வெளியேற்றிய திசுக்குழாய். பெரும்பாலான அம்மோனைட்டில் அது வெளி விளிம்பை ஒட்டி ஓடும். இன்றும் கடலில் வாழும் தூரத்து உறவான நாட்டிலஸில் தடுப்புச் சுவரின் நடுப்பக்கமாக ஓடும். சுவரின் வளைவும் வேறு: நாட்டிலஸில் சுவர் வாய்ப்பக்கம் குழிந்திருக்கும், அம்மோனைட்டில் நடு வெட்டில் பார்த்தால் பொதுவாக வாய்ப்பக்கம் புடைத்திருக்கும். மடகாஸ்கரிலிருந்து மெருகேற்றிய நாட்டிலாய்டுகளும் (நாட்டிலஸின் இனத்தவை) வருகின்றன, சில சமயம் அம்மோனைட் என்றே சீட்டு எழுதிவிடுகிறார்கள். இந்த இரண்டு அடையாளம் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

---

சுருள்வழி எழுதியது:

நன்றி நுண்ணோக்கி. சிஃபங்கிள் தெரிகிறது! முழுதாக இல்லை, வெளிச்சுற்றில் நாலைந்து அறைகளை ஒட்டி ஒரு கருப்பு நூல் மாதிரி.

ஒரு சந்தேகம். ஓடு நீக்கிய உருப்படியில் தையல் கோடுகள் அவ்வளவு சிக்கலாக, கிளை கிளையாக இருக்கின்றன. ஆனால் என் வெட்டு முகத்தில் தடுப்புச் சுவர்கள் சாதாரண வளைவுகளாகத்தானே இருக்கின்றன? இரண்டும் ஒரே சுவர் என்றால் எப்படி?

---

நுண்ணோக்கி எழுதியது:

நல்ல கேள்வி. சுவர் நடுவில் கிட்டத்தட்ட வழவழப்பான வளைவுதான். ஓட்டை நெருங்க நெருங்கத்தான் மடிப்பு விழ ஆரம்பிக்கும், ஓட்டைத் தொடும் ஓரத்தில் மடிப்பு உச்சத்துக்குப் போய்விடும். நடு வெட்டு சுவரின் நடுப்பகுதி வழியாகப் போகிறது. ஓடு நீக்கியதில் நாம் பார்ப்பது அதே சுவரின் ஓரம். அதனால்தான் இரண்டு வகையும் சேகரிப்பில் இருக்க வேண்டும் என்கிறேன். ஒரே இனத்தில் அறுத்தது ஒன்று, ஓடு நீக்கியது ஒன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்தச் சுவரின் முழு வடிவமும் மனதில் எழும்.

தையல் கோட்டை வைத்துக் காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். அம்மோனைட்டின் மூத்த உறவுகளான டெவோனியன் கால கோனியடைட்டுகளில் கோடு எளிய வளைவுகளாக, முனை கூர்மையாக இருக்கும். அடுத்து வந்த டிரயாசிக் கால உறவுகளான செராடைட்டுகளில் ஒரு பக்க வளைவு மட்டும் ரம்பப் பல் மாதிரி வெட்டுப்பட்டிருக்கும். ஜுராசிக், கிரிட்டேசியஸ் அம்மோனைட்டுகளில்தான் இரண்டு பக்கமும் கிளை பிரிந்து இலை வேலைப்பாடு ஆகிறது. ஓடு நீக்கி மெருகேற்றிய உருப்படியில் இது பளிச்சென்று தெரிவதால், படிக்கிறவர்களுக்கு அது நல்ல பாடநூல்.

---

பழம்பாறை எழுதியது:

நான் மாற்றுக் கருத்துக்காரன், சொல்லிவிடுகிறேன்.

ஓட்டைத் தேய்த்து எடுக்கும்போது என்ன போகிறது என்று யாரும் இங்கே பேசவில்லை. அம்மோனைட்டை இனம் பிரிக்க உதவுவது விலா எலும்புகள் மாதிரி ஓட்டின் மேல் ஓடும் வரிகள், முடிச்சுகள், முதுகுவிளிம்பின் வடிவம், வாயின் ஓரம். சில இனங்களில் பெரிய வடிவம், சிறிய வடிவம் என்று இரண்டு உண்டு, பெண்ணும் ஆணும் என்று கருதப்படுபவை. சிறிய வடிவத்தின் வாய் ஓரத்தில் காது மாதிரி நீட்சிகள் இருக்கும். சாணைச் சக்கரத்தில் வைத்தால் இதெல்லாம் முதல் நிமிடத்திலேயே போய்விடும். ஓட்டில் இறப்பதற்கு முன் ஏற்பட்டு ஆறிய காயங்கள் இருந்திருக்கலாம், மேலே சிப்பியோ புழுவோ ஒட்டி வளர்ந்த தடம் இருந்திருக்கலாம். அதுவும் போச்சு.

ஜுராசிக் பாறை அடுக்குகளை ஜெர்மன் புவியியலாளர் ஆல்பெர்ட் ஓப்பல் 1850களில் மண்டலம் மண்டலமாகப் பிரித்தது அம்மோனைட்டுகளை வைத்துத்தான். இந்த அடுக்கில் இந்த இனம் என்று அவ்வளவு துல்லியமாகக் காலம் சொல்லும் உயிரி அது. அதை அடுக்கு தெரியாமல் தோண்டி, மேற்புறத்தைத் தேய்த்து, “மடகாஸ்கர்” என்று ஒரே சொல்லோடு விற்கிறார்கள். சுருள்வழியின் நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

---

சாணைக்காரன் எழுதியது:

பழம்பாறை சார், நீங்கள் சொல்லும் இழப்பு உண்மைதான். ஆனால் சாணைக்கு வருவது எது என்பதையும் பார்க்க வேண்டும். நான் கல் அறுப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வாய் ஓரம் முழுதாக இருக்கும் உருப்படியை, வரிகள் கூர்மையாக இருப்பதை விவரம் தெரிந்த எவனும் அறுக்க மாட்டான். அது அப்படியே இருப்பதற்குத்தான் மதிப்பு. அறுக்க வருபவை பெரும்பாலும் ஓடு ஏற்கெனவே உரிந்தவை, ஒரு பக்கம் நசுங்கியவை, மேற்புறம் நீரில் அரித்துப் போனவை. வெளியே பார்த்தால் ஒன்றும் இல்லை, உள்ளே அறைகள் முழுசாக இருக்கும். அவற்றை அறுக்கவில்லை என்றால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அறுப்பதும் சும்மா இல்லை. முதலில் விளிம்பைச் சுற்றி நடுக்கோடு வரைந்துகொள்ள வேண்டும். பாதி அம்மோனைட்டுகள் மண்ணின் அழுத்தத்தில் லேசாகக் கோணிப்போயிருக்கும், அதனால் நடுக்கோடு நேர்க்கோடாகவே இருக்காது. எங்கே விட்டுக்கொடுப்பது என்று அங்கே முடிவு செய்தாக வேண்டும். மையத்தில் இருக்கும் ஆரம்ப அறை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சாதாரண வைர பிளேடு அதைவிடத் தடிமன். கொஞ்சம் பிசகினால் மையம் முழுக்கத் தூளாகி நீரோடு போய்விடும். அதனால்தான் நல்ல ஜோடியிலும் ஒரு பாதியில் மையம் தெளிவாக இருக்கும், மறு பாதியில் மங்கலாக இருக்கும். அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

அறுத்த பிறகு தேய்ப்பு. தட்டையான தகட்டில் தண்ணீர் விட்டுக்கொண்டே 220, 400, 600, 1200 என்று (எண் கூடக் கூட மணல் நுண்மையாகும்) மணலை நுணுக்கிக்கொண்டே போக வேண்டும். கையால் செய்பவர்கள் கண்ணாடித் தகடின் மேல் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை ஒட்டிச் செய்யலாம். கடைசியில் ஃபெல்ட் மேல் அலுமினியம் ஆக்சைடோ டின் ஆக்சைடோ. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கல், கை, தட்டு எல்லாம் கழுவியாக வேண்டும். முந்தைய கட்டத்து மணல் ஒன்றே ஒன்று தங்கினாலும் கண்ணாடி முகத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிடும்.

இதில் உள்ள கஷ்டம், ஒரே முகத்தில் இரண்டு பொருள்கள். கால்சைட் ஒரு கடினம், சேறு இறுகிய பாறை இன்னொரு கடினம். மென்மையான இடம் சீக்கிரம் தேய்ந்து பள்ளம் விழும். கால்சைட்டோ மூன்று திசையில் பிளவுபடும் கனிமம், பெரிய மணலில் அழுத்தித் தேய்த்தால் சில்லு சில்லாகப் பெயர்ந்து நுண்குழிகள் விழும். அவசரப்பட்டு மேலே போனால் அந்தக் குழிகள் கடைசி வரை கூடவே வரும்.

தரம் பார்க்க ஒரு வழி: முகத்தைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஜன்னல் விளிம்போ குழல் விளக்கோ அதில் பிரதிபலிக்கும்படி சாய்த்துப் பிடியுங்கள். அந்தக் கோடு அறைகள் மேல் ஓடும்போதும் சேற்றின் மேல் ஓடும்போதும் வளையாமல் போனால் வேலை சுத்தம். நெளிந்தால் பள்ளம் இருக்கிறது. படிகத்தின் மேல் பளிச்சென்றும் சேற்றின் மேல் மங்கியும் போனால் அங்கே மெழுகு தடவிச் சமாளித்திருக்கலாம்.

---

கார்காலம் எழுதியது:

சாணைக்காரன் அண்ணே, இடையில் ஒரு கேள்வி. பொந்தாக இருக்கும் அறைகளில் பிசின் ஊற்றி நிரப்புவார்களா? என்னிடம் உள்ளதில் ஒரு அறை மட்டும் ரொம்பக் கருப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கிறது.

---

சாணைக்காரன் எழுதியது:

நிரப்புவார்கள். அறுக்கும்போதே மெல்லிய சுவர்கள் நொறுங்காமல் இருக்கப் பிசின் ஏற்றுவது வழக்கமான வேலைதான், தப்பு என்று சொல்ல மாட்டேன். கருப்பு எபாக்சி ஊற்றி அதை இயற்கைக் கல் என்று விற்றால்தான் தப்பு. லென்ஸில் பாருங்கள். உருண்டையான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் பிசின். கால்சைட்டில் இருக்கும் கீறல்கள் நேர்க்கோடுகளாக, ஒன்றுக்கொன்று கோணத்தில் ஓடும், பிசினில் அப்படி வராது. பொந்து பொந்தாகவே விட்டு, உள்ளே படிக முனைகள் மின்னும்படி வைத்திருப்பதுதான் என் கண்ணுக்கு அழகு.

---

சுருள்வழி எழுதியது:

ஜோடி உண்மையில் ஜோடிதானா என்று பார்ப்பது எப்படி? இரண்டு வெவ்வேறு உருப்படியின் பாதிகளைச் சேர்த்து விற்பதாகக் கேள்விப்பட்டேன்.

---

கல்மேடு எழுதியது:

நடக்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கை, பொது நிறம் இதையெல்லாம் நம்ப வேண்டாம், அது எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். விபத்தாக வந்த அடையாளங்களைப் பாருங்கள். ஒரு அறையில் குறுக்கே ஓடும் விரிசல், உடைந்து சாய்ந்த ஒரு சுவர், சேறு புகுந்த ஒரு மூலை. இவை மறு பாதியில் இடம் வலம் மாறி, அதே அறையில், அதே கோணத்தில் இருக்க வேண்டும். பிளேடின் தடிமனுக்கும் தேய்ப்புக்கும் ஏற்ற சின்ன வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான். முகத்தோடு முகம் சேர்த்து வைத்து வெளி ஓட்டின் வரிகள் தொடர்கின்றனவா என்றும் பாருங்கள். அப்படி வைக்கும்போது உரசாதீர்கள், நடுவே மெல்லிய துணி வையுங்கள்.

போலி பற்றிப் பொதுவாகக் கேட்டிருந்தீர்கள். அறுத்த மடகாஸ்கர் ஜோடியில் முழுப் போலி அபூர்வம், அறை அறையாகப் படிகம் வளர்ந்த உள்ளமைப்பைச் செயற்கையாகச் செய்வது கடினம். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது பாறையோடு வரும் உருப்படிகளில். மொராக்கோவின் எர்ஃபூத் பக்கத்துக் கருப்புச் சுண்ணாம்புக்கல்லில் டெவோனியன் கோனியடைட்டுகளும் நேரான ஓடு கொண்ட ஆர்த்தோசெராஸ் வகைகளும் வெள்ளைக் கால்சைட்டாக ஏராளம். பாலிஷ் போட்டால் கருப்பும் வெள்ளையுமாகக் கண்ணைப் பறிக்கும். பெரும்பாலும் அசல்தான். ஆனால் பாறையிலிருந்து புடைத்து நிற்கும்படி செதுக்கியவற்றில், புதைபடிவம் முடிந்த பிறகும் வெறும் பாறையிலேயே சுருளைத் தொடர்ந்து செதுக்கிவிடுவது உண்டு. தனித்தனியாகக் கிடைத்தவற்றை ஒரே பலகையில் பதித்துக் கொத்தாக ஆக்குவதும் உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி இருக்கும் பாறையின் நிறம், மணிகள் எல்லாம் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். சுற்றிலும் ஒரு வளையமாக வேறு நிறம் வந்தால் பதித்தது. தடுப்புச் சுவர் எதுவும் தெரியாமல் வெறும் சுருள் மட்டும் இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

இது புதிய பழக்கம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் விட்பியில் அம்மோனைட்டின் வாய் முனையில் பாம்புத் தலை செதுக்கி, அந்த ஊர் மடத்தின் தலைவியாக இருந்த புனித ஹில்டா கல்லாக்கிய பாம்புகள் என்று விற்றிருக்கிறார்கள். அந்தப் பாம்புக் கற்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. விட்பி ஊர்ச் சின்னத்திலேயே மூன்று அம்மோனைட்டுகள் உண்டு. ஹில்டோசெராஸ் என்ற பேரினப் பெயரும் அந்த ஹில்டாவின் நினைவாக வந்ததுதான்.

---

வானவில் எழுதியது:

மூன்றாவது ரகம் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. எனக்கு நிறம் மின்னுபவைதான் உயிர்.

அந்த நிறம் சாயம் இல்லை. அரகோனைட் என்னும் கால்சியம் கார்பனேட், மிக மெல்லிய தகடுகளாக அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறமாகிறது. அதனால்தான் திருப்பினால் நிறம் மாறும். எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஒரே நிறம் என்றால் சாயமோ பூச்சோ என்று சந்தேகிக்கலாம். சிவப்பும் பச்சையும் அதிகம், நீலமும் ஊதாவும் குறைவு.

அரகோனைட் நாளடைவில் கால்சைட்டாக மாறிவிடும் இயல்புடையது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மாறாமல் இருப்பதுதான் அதிசயம். கனடாவின் ஆல்பெர்ட்டாவில் பேர்பா பாறை அமைப்பில் பிளாசென்டிசெராஸ் என்னும் அம்மோனைட்டின் ஓடுகள் அப்படித் தங்கியிருக்கின்றன, 7 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமை. அந்த ஓட்டுக்கு அம்மோலைட் என்று பெயர். 1981இல் சர்வதேச நகைக் கூட்டமைப்பான சிப்ஜோ அதை ரத்தினமாக ஏற்றது, 2004இல் ஆல்பெர்ட்டாவின் அதிகாரபூர்வ ரத்தினம் ஆயிற்று. அந்த மண்ணின் பிளாக்ஃபுட் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அதை இனிஸ்கிம் என்று போற்றி வந்திருக்கிறார்கள்.

முழு அம்மோலைட் அம்மோனைட் வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, மேலே இருந்த பாறையின் எடையில் அவை நசுங்கித் துண்டு துண்டாகித்தான் கிடைக்கும். சீரமைக்காமல் முழுதாக வருவது அரிது. எந்தப் பகுதி சீரமைத்தது, பிசின் ஏற்றியதா என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு, ஆல்பெர்ட்டாவில் புதைபடிவங்கள் மாகாணத்தின் உடைமை. விற்க, வெளியே கொண்டுபோக முறையான சான்றிதழும், கனடாவை விட்டு அனுப்ப ஏற்றுமதி அனுமதியும் வேண்டும். நல்ல விற்பனையாளர் கேட்காமலே அந்தத் தாள்களைத் தருவார்.

---

கார்காலம் எழுதியது:

எனக்கு அவசரமான ஒரு சிக்கல். ரஷ்யாவின் சரத்தோவிலிருந்து வந்த சின்ன அம்மோனைட், குவென்ஸ்டெடோசெராஸ் என்று சீட்டு. பித்தளை மாதிரி தங்க நிறம், அறுத்து பாலிஷ் போட்டது. போன மழைக்காலத்துக்குப் பிறகு நடு அறைகளில் சாம்பல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, மூடியைத் திறந்தால் தீக்குச்சி வாசனை வருகிறது. கழுவலாமா?

---

நுண்ணோக்கி எழுதியது:

கழுவாதீர்கள், தண்ணீரே காட்டாதீர்கள். அது பைரைட் சிதைவு. அந்தத் தங்க நிறம் இரும்பு சல்பைடு, ஈரக்காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்பு சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. நீங்கள் பார்க்கும் பூப்பு அந்த சல்பேட். அது கன அளவில் பெரியது, அதனால் கல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும். அமிலம் பக்கத்தில் இருப்பவற்றையும் அரிக்கும், சீட்டையும் விடாது.

உடனே செய்ய வேண்டியது: மற்ற கற்களிடமிருந்து பிரித்து வையுங்கள். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூளைத் தட்டி எடுங்கள். மூச்சில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் நிறைய சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள், ஈரப்பதம் காட்டும் சின்ன அட்டை ஒன்றும் உள்ளே போடுங்கள். 60 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் சிதைவு வேகம் பிடிக்கும், முடிந்தவரை 40க்குக் கீழே வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் காயவைத்து மறுபடி போடுங்கள். அமிலத்தை முறிக்க அருங்காட்சியகங்களில் அம்மோனியா ஆவி முறை கையாளுகிறார்கள். உருப்படி அரியது என்றால் அதைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மேலே வார்னிஷ் பூசினால் நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஈரம் ஏற்கெனவே உள்ளே இருந்தால் பூச்சுக்கு அடியிலேயே சிதைவு தொடரும்.

---

சுருள்வழி எழுதியது:

பயமாகத்தான் இருக்கிறது. கால்சைட் உருப்படிகளுக்கும் இப்படி ஏதாவது உண்டா? நான் மர அலமாரியில் வைத்திருக்கிறேன்.

---

நுண்ணோக்கி எழுதியது:

பைரைட் இல்லையென்றால் இந்த நோய் இல்லை, நிம்மதியாக இருங்கள். ஆனால் மரம் விஷயத்தில் கவனம் வேண்டும். ஓக் போன்ற சில மரங்கள், ஒட்டுப்பலகை, மலிவான அட்டை இவற்றிலிருந்து அசெட்டிக் அமில ஆவி வரும். மூடிய இழுப்பறையில் அது தேங்கி, கார்பனேட் ஓடுகளின் மேல் வெள்ளை உப்பாகப் பூக்கும். சிப்பி சேகரிப்பவர்கள் இதை பைன் (Byne, மரத்தின் பெயர் அல்ல) நோய் என்கிறார்கள். முத்துப்படலம் உள்ள உருப்படிகளுக்கு ஆபத்து அதிகம். உலோக அலமாரியோ கண்ணாடிப் பெட்டியோ உத்தமம். மரம்தான் என்றால் கொஞ்சம் காற்றோட்டம் விடுங்கள்.

சுத்தம் செய்ய எலுமிச்சை, வினிகர், அமிலம் கலந்த கழுவுநீர் எதுவும் கூடாது. ஒரு துளி பட்டாலும் அந்த இடம் நுரைத்து மங்கிவிடும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதும் கூடாது. வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் இருக்கும், அதன் கடினம் 7. கால்சைட் வெறும் 3. துடைக்கத் துடைக்க நீங்களே அதைக் கீறிக்கொண்டிருப்பீர்கள். முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, பிறகு ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பிசின் ஏற்றியவற்றை வெயில் விழும் ஜன்னலில் வைக்காதீர்கள், பிசின் மஞ்சளாகும்.

---

பழம்பாறை எழுதியது:

சாணைக்காரன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். உரிந்ததையும் அரித்ததையும் அறுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. உள்ளமைப்பைப் பார்க்க ஆராய்ச்சியாளர்களும் அறுக்கத்தானே செய்கிறார்கள். சேறும் படிகமும் சேர்ந்த அறைகளில் நான் முதலில் தேடுவதும் அறுத்தால்தான் தெரியும்: சேறு அடியில் தங்கி, மேலே படிகம் வளர்ந்த அறைகள். பல அறைகளில் சேற்றின் மேல்மட்டம் ஒன்றுக்கொன்று இணையான கோடுகளாக நின்றால், அந்த அம்மோனைட் புதைந்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று சொல்லிவிடலாம். 11 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடியின் கிடைமட்டம் அது. படுத்த நிலையில் புதைந்திருந்தால் நடு வெட்டில் அந்தக் கோடு வராது, நிமிர்ந்தோ சாய்ந்தோ புதைந்திருந்தால் வரும். சுருள்வழி, உங்கள் ஜோடியை ஒருமுறை பாருங்கள்.

ஆனால் சீட்டு விஷயத்தில் நான் இறங்கி வரப்போவதில்லை. “மடகாஸ்கர்” போதாது. அங்கேயே தென்மேற்கில் சகராகா பகுதியிலிருந்து பெரிஸ்ஃபிங்க்டிஸ் என்ற வேறொரு அம்மோனைட் வருகிறது, அது ஜுராசிக். மகாஜங்கா உருப்படி கிரிட்டேசியஸ். ஒரே நாட்டுப் பெயருக்குள் 4 கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. மாவட்டம், முடிந்தால் பாறை அமைப்பு, கட்டம், யாரிடமிருந்து எப்போது வந்தது, என்ன வேலை செய்யப்பட்டது, எங்கே பிசின். இவ்வளவும் கேட்டு எழுதிவைக்கும் வாங்குபவர்கள் பெருகினால் விற்பவர்களும் எழுத ஆரம்பிப்பார்கள்.

---

கல்மேடு எழுதியது:

இதை முழு மனதோடு வழிமொழிகிறேன். சீட்டு இல்லாத நல்ல உருப்படிக்கும், சீட்டோடு வரும் சுமாரான உருப்படிக்கும் இடையில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

---

சுருள்வழி எழுதியது:

பழம்பாறை சார், பார்த்தேன். உள்சுற்றில் அடுத்தடுத்த மூன்று அறைகளில் பழுப்பும் வெள்ளையும் சந்திக்கும் கோடு ஒரே சாய்வில் இருக்கிறது. மற்ற அறைகளில் தெளிவில்லை. விற்றவரிடம் இடம் கேட்டு எழுதியிருக்கிறேன், மகாஜங்காதான் என்று உறுதி செய்தால் சீட்டில் சேர்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. சீட்டு தனியாகப் போய்விடாமல் இருக்கக் கல்லிலேயே எண் எழுதலாமா? மெருகு கெடாதா?

---

பழம்பாறை எழுதியது:

எழுதலாம், மெருகேற்றிய முகத்தில் அல்ல. மறுபுறத்தில் பாறையோ வெற்றுப் பகுதியோ இருக்கும் இடமாகப் பாருங்கள். பாராலாய்ட் பி-72 என்னும் அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து, நகம் அளவுக்கு ஒரு பட்டை பூசிக் காயவிடுங்கள். காய்ந்ததும் அதன்மேல் கருப்பு நிறமி மையால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. வேண்டாம் என்றால் பிறகு அசிட்டோனில் தோய்த்த பஞ்சால் எடுத்துவிடலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் பிசின் நிரப்பல் இல்லை என்று முதலில் லென்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள், அசிட்டோன் சில பிசின்களை இளக்கிவிடும். ஜோடி என்பதால் இரண்டு பாதிக்கும் ஒரே எண், பின்னால் அ, ஆ என்று போடுங்கள். அதே எண்ணை நோட்டிலும் ஏற்றிவிடுங்கள்.